தரங்கம்பாடியில் இரண்டு இரவு

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தப்பான நேரத்தில் வருகிறார்கள். காலையில் திருக்கடையூரில் தரிசனம், பிற்பகல் நாகூர், இரவுக்குள் வேளாங்கண்ணி என்று வேன் பேசிக் கிளம்புகிறவர்கள், நடுவில் உச்சி வெயிலில் இங்கே நாற்பது நிமிடம் நிறுத்துகிறார்கள். கோட்டை மதில் அனலாகக் கொதிக்கும். மணலில் கால் வைக்க முடியாது, கடலைப் பார்த்தால் கண் கூசும். நாலு படம் எடுத்துக்கொண்டு, 'ஒரு கோட்டையும் ரெண்டு சர்ச்சும்தான், வேற ஒண்ணுமில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

இந்த ஊர் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரையும், மாலை நாலரையிலிருந்து இரவு வரையும்தான் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஏழரை மணி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உரியது. அப்படி நாளைப் பிரித்துக்கொண்டால் இரண்டு இரவு தங்குவது கச்சிதமாக இருக்கும். ஒரே இரவு என்றால் ஒரு விடியலோடு முடிந்துவிடும், அன்றைக்குப் பார்த்து வானம் மூடியிருந்தால் அதுவும் இல்லை. மூன்றாவது இரவு, கையில் புத்தகம் இருப்பவர்களுக்கும் சும்மா உட்காரத் தெரிந்தவர்களுக்கும்.

முதலில் எந்த மாதம் என்று பார்ப்போம். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, டெல்டா முழுக்கப் பச்சையாகவோ அறுவடை நடந்துகொண்டோ இருக்கும். வாடைக்காற்று இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும், இரவில் மின்விசிறியைக் குறைத்து வைக்கலாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை புயல் காலம். அப்போது அறை மலிவாகக் கிடைக்கிறது என்று முன்பணம் கட்டினால், நாலு சுவருக்குள் மழை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாகலாம். ஏப்ரல், மே மாதங்களில் முற்பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று உள்ளே வந்துவிடும். அதனால் மயிலாடுதுறையை விட இங்கே வெப்பம் கொஞ்சம் தாங்கும், ஆனால் கசகசப்பு கூடும். ஏமாற்றுவது ஜூன், ஜூலைதான். தென்மேற்குப் பருவக்காற்று நிலத்தின் மேல் ஓடி வந்து மேற்கிலிருந்து அடிக்கும்போது கடற்காற்றை உள்ளே விடாது. பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரைக்கும், சில நாள் அதற்கு மேலும், கடலுக்குப் பத்தடி தூரத்தில் நின்றாலும் அடுப்பு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். 'கடற்கரை ஊர், குளுகுளு என்று இருக்கும்' என்று கோடை விடுமுறைக் கடைசியில் வருபவர்கள் சிக்கிக்கொள்வது இதில்தான்.

கிழமையும் முக்கியம். கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு மாலைகளில் சுற்றுவட்டாரத்து ஜனம் முழுக்கக் கோட்டை மைதானத்தில்தான் இருக்கும். அமைதிதான் வேண்டும் என்றால் திங்கள் மதியம் வந்து புதன் காலை கிளம்புவது நல்லது. அந்த மூன்று நாளில் பௌர்ணமி விழுந்தால் விடவே விடாதீர்கள். கிழக்குக் கரை என்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால் போய் மறையும், கடலில் அஸ்தமனம் கிடையாது. பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும் அதே நேரத்தை ஒட்டி, நேர் எதிரே கடலிலிருந்து சந்திரன் எழும். முதலில் சிவப்பாக, கொஞ்சம் நசுங்கிய மாதிரி வரும். அரை மணியில் வெளுத்து, அலையில் ஒரு பாதை போட்டுவிடும். அடுத்த நாளிலிருந்து சுமார் ஐம்பது ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், அதனால் பௌர்ணமிக்கு மறுநாளும் தோதானதுதான். கடல் விளிம்பில் மேகப்பட்டை இருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்.

வந்து சேர்வது எளிது. ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்க வேண்டும். அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். பொறையாறு போகிற பேருந்து என்று கேட்டு ஏறுங்கள். 'தரங்கம்பாடி' என்று மட்டும் கேட்டுக்கொண்டு நின்றால் இரண்டு, மூன்று பேருந்தை விட்டுவிடுவீர்கள், ஏனென்றால் பலகையில் பெரும்பாலும் பொறையாறோ காரைக்காலோதான் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து இந்த ஊர் வரை மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1986இல் நிறுத்திவிட்டார்கள். சென்னையிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பேருந்துகள் பெருஞ்சாலையில் இறக்கிவிடும். ஏறும்போதே நடத்துநரிடம் 'தரங்கம்பாடியில் நிற்குமா' என்று கேட்டுவிடுங்கள், தொலைதூர வண்டிகளில் சில பொறையாறில்தான் நிற்கும். அங்கிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். சொந்த வண்டியில் வந்து தெற்கே சுற்றுகிறவர்களுக்கு ஒன்று: காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது, பொறையாறு தாண்டியதும் எல்லை. அங்கே எரிபொருள் விலை குறைவு, போட்டுக்கொள்ளலாம். மது பாட்டில் வாங்கித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் வண்டியோடு மாட்டுவீர்கள்.

தங்கும் இடம் இரண்டு வகை. கோட்டைக்கு அருகே பழைய மாளிகைகளைப் புதுப்பித்து நடத்தும் பாரம்பரிய விடுதிகள் ஒரு வகை. வாடகை அதிகம், அறைகள் குறைவு. சுவர் கனமாக, கூரை உயரமாக இருப்பதால் பகல் வெப்பம் உள்ளே மெதுவாகத்தான் ஏறும். கடல் பார்த்த தாழ்வாரம் கிடைத்தால் கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிடும். முன்பதிவு செய்யும்போது 'கடல் தெரியுமா' என்று கேட்காமல், 'எந்த மாடி, தாழ்வாரம் எந்தத் திசை, அது தனியா பொதுவா' என்று கேளுங்கள். இரண்டாவது வகை பொறையாறு, திருக்கடையூர் லாட்ஜுகள். திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் பெயர் போன ஊர். முகூர்த்த நாளில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விடியுமுன் நாகஸ்வரம் எழுப்பிவிடும். ஓய்வுக்கு வருகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது. தரங்கம்பாடியில் தங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும், அங்கே நிரம்பி வழிகிற கூட்டம் இங்கேதான் அறை தேடி வரும்.

ஊர் சிறியது. டேனிஷ்காரர்கள் ஆண்ட பழைய கோட்டை நகரம் முழுவதையும் நடந்தே முடித்துவிடலாம். மேற்கே வெள்ளை நிற நகர வாயில், 1792இல் திரும்பக் கட்டியது. அதற்குள் நுழைந்தால் ராஜவீதி நேராகக் கடலுக்குப் போகிறது. வாயிலில் நின்று பார்த்தாலே தெருவின் கடைசியில் வானம் இறங்கியிருப்பது தெரியும். பெரும்பாலான ஊர்களில் கடலைத் தேடிப் போக வேண்டும். இங்கே நுழைந்த உடனே ஊரே கடலைக் கைகாட்டிவிடுகிறது.

ராஜவீதியைக் காலை ஏழு மணிக்கு நடங்கள். வெயில் கடல் பக்கத்திலிருந்து தெருவின் நீளத்துக்கும் சாய்ந்து விழும், சுவர்ப்பூச்சின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். 1701ஆம் ஆண்டு சீயோன் ஆலயமும், 1718ஆம் ஆண்டு புதிய எருசலேம் ஆலயமும் இந்தத் தெருவில்தான். எருசலேம் ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். கிரீடமும் அதன் கீழே பின்னிய எழுத்துகளுமாக ஒரு சின்னம் இருக்கும், டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக்கின் முத்திரை அது. உள்ளே ஜெர்மானிய மதபோதகர் பர்த்தலோமேயு சீகன்பால்கின் கல்லறை. 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கியவர், 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். நடுவில் இருந்த அந்தச் சொற்ப வருடங்களில் தமிழ் படித்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளை வரவழைத்து, அச்சுக்கூடம் நடத்தி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிவிட்டார். 1715இல் அந்த வேலை முடிந்தது. வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். இன்றைக்கு அலைபேசியில் தமிழ் எழுத்துரு படிக்கிற நாம், அந்தக் கல்லறைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிற்கலாம். வாரநாளில் ஆலயம் பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள், பெரும்பாலும் திறந்து காட்டுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம், கேமராவோடு உள்ளே போவது முறையல்ல.

கோட்டை 1620இல் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ்காரர்களுக்கும் ஒப்பந்தம் ஆன வருடம். டேனிஷ் தரப்பில் வந்தவர் ஓவே கெட்டே என்ற கடற்படைத் தளபதி. 1845இல் வங்காளத்தில் இருந்த செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ரயில்பாதை நாகப்பட்டினத்துக்குப் போனதும் வியாபாரமும் அங்கேயே போயிற்று. இந்த ஊர் இன்றைக்கு இவ்வளவு அமைதியாக இருப்பதற்குக் காரணம் அந்தத் தோல்விதான். அருங்காட்சியகத்தை வேகமாகப் பார்த்துவிடலாம். கோட்டையின் கீழ்த்தளத்து அறைகளில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கிடங்கும் சிறையுமாக இருந்த அறைகள் அவை. வெளியே சுடும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்கும்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த ஊரைப் பார்ப்பதற்கு அது ஒரு கண்ணாடி மாதிரி. பழைய வீடுகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு மூச்சு விடும். கடற்காற்றில் வரும் உப்பும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் அதன் வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். பின்னாளில் சிமென்ட் பூசிய இடங்களில் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்து வெடிக்கவைக்கும். விரலால் தொட்டால் செங்கல் மாவு மாவாக உதிரும், மேலே சிமென்ட் மட்டும் அப்பளம் மாதிரி நிற்கும். சுனாமிக்குப் பிறகு கோல்ட்ஸ்மித் தெருவில் சில வீடுகளைச் சுண்ணாம்பிலேயே பழுதுபார்த்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து, பழுதுபார்த்த திண்ணையையும் சிமென்ட் பூசிய பக்கத்துச் சுவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். அங்கே குடியிருப்பவை சாதாரணக் குடும்பங்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் 'சடங்கன்பாடி' என்கிறது. கோயிலின் கடல் பக்கப் பகுதியை அலை தின்றுவிட்டது. மிஞ்சியதைப் புதுப்பித்து, முன்னால் கற்களைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். விடியலைப் பார்க்க ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை. ஜனவரியில் ஆறரையை ஒட்டிச் சூரியன் வரும், மே கடைசியில் ஆறு அடிக்கப் பத்து நிமிடத்துக்கும் முன்னாலேயே வந்துவிடும். அரை மணி முன்னால் போய் உட்காருங்கள். நிறம் எல்லாம் சூரியன் வருவதற்கு முன்புதான்.

அந்தத் தடுப்புக் கற்களைப் பற்றிக் கவனம் வேண்டும். அலை கல்லில் மோதித் திரும்பும்போது கற்களின் அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். அதனால் கரையோரமே ஆழமாக இருக்கும். இரண்டு கல்வரிசைக்கு நடுவே கரைக்கு வந்த தண்ணீர் ஏதோ ஒரு வழியாகத் திரும்பிப் போக வேண்டுமே, அந்த வழியில் இழுப்பு பலமாக இருக்கும். பார்ப்பதற்கு அங்கேதான் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரிந்தவர்கள் அதை நம்பித்தான் இறங்கிவிடுகிறார்கள். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வர வேண்டும். ஆனால் என் தீர்ப்பு, தரங்கம்பாடி குளிக்கிற கடல் அல்ல. முழங்கால் மட்டும் நனைத்தால் போதும். கல் மேல் பச்சைப் பாசி பிடித்த இடத்தில் செருப்போடு ஏறினால் வழுக்கும். காய்ந்து வெளுத்த கல்லாகப் பார்த்துக் கால் வையுங்கள். இந்தக் கரையில் கடல்மட்ட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் 'தண்ணீர் உள்வாங்கட்டும், பிறகு கீழே போகலாம்' என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஓசோன் பற்றியும் ஒரு வார்த்தை. தரங்கம்பாடிக் கடற்காற்றில் ஓசோன் அதிகம், சுவாசத்துக்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலை எரிச்சல்படுத்தும், நல்லது செய்யாது. கடற்கரையில் மூக்குக்கு வரும் அந்த வாசம் கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வரும் கந்தகச் சேர்மத்தால் வருவது. இங்கே மூச்சு இலகுவாக இருப்பதற்குப் புகையும் தூசியும் குறைந்த காற்றே போதுமான காரணம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பழைய நகரத்துக்குள் உணவகங்கள் குறைவு, இரவு சீக்கிரம் மூடிவிடுவார்கள். விடுதியில் சாப்பிடுவதானால் மறுநாள் மீன் வேண்டும் என்று முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள். மீன் காலையில் கரையில் வாங்குவது. பதினோரு மணிக்குக் கேட்டால் ஃப்ரீசரில் இருப்பதுதான் தட்டுக்கு வரும். ஃபைபர் படகுகள் திரும்பும் நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. சங்கரா, மத்தி, கிழங்கான், நெத்திலி, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். குழம்புக்குச் சங்கரா, வறுவலுக்குக் கிழங்கான் என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். விலை ஏறும், கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீனும் 'இப்பத்தான் வந்தது' என்று விற்கப்படும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வேண்டாம். வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும்.

மீனவர் பகுதியில் நடக்கும்போது சுனாமியைப் பற்றித் தூண்டித் துருவிக் கேட்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் இங்கே ஆட்களை இழக்காத சொந்தபந்தம் குறைவு. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கரையில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துவார்கள். அந்தத் தேதியில் உல்லாசப் பயணமாக வராமலிருப்பதே மரியாதை.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிடக் கரையேறும். இரவு மணலில் நடப்பவர்கள் டார்ச்சையும் அலைபேசி விளக்கையும் அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலுக்குப் பதில் விளக்கை நோக்கி நகரும்.

பக்கத்து ஊர் ஏதாவது ஒன்று போதும். திருக்கடையூர் ஏழெட்டு கிலோமீட்டர், பூம்புகார் இருபதுக்கு மேல். நான் தேர்ந்தெடுப்பது தில்லையாடி. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்வீகம் அந்த ஊர். அதை நினைத்து 1915இல் காந்தி அங்கே வந்தார். நினைவு மண்டபம் இருக்கிறது. மாலை நாலு மணிக்கு ஆட்டோ பேசிப் போனால் இருட்டுமுன் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம்.

கொண்டுவர வேண்டியது கொஞ்சம்தான். சுற்றிலும் வயல், வாய்க்கால் என்பதால் கொசுவுக்குப் பூசும் களிம்பு, தலைக்குத் தொப்பியோ துண்டோ, கையில் ரொக்கம். வங்கியும் மருந்துக்கடையும் பொறையாறில் இருக்கின்றன, பெரிய மருத்துவ வசதிக்குக் காரைக்கால். கேமரா வைத்திருப்பவர்கள் கடலோரத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம். உப்புப்படலம் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள். காரில் வந்தவர்கள் ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். கரையோரம் இரண்டு இரவு நின்ற வண்டியில், சக்கரத்துக்கு உள்பக்கம் கைவைத்தால் உப்பு பிசுபிசுக்கும்.